கடைசிப் பத்தி வரை படித்தவர்

எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் ஒரு மேடம் இருந்தார். எதை எடுத்தாலும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். கேட்பதற்கு நல்ல குணம் போலத்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை விரித்துப் படிப்பார். வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னால் படிவத்தின் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்து முடிப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவருக்கு அது காதில் விழாது. கல்லூரியில் சுற்றறிக்கை வந்தால் நாங்களெல்லாம் எங்கள் பெயருக்கு நேராகக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போவோம். அவரிடம் போன சுற்றறிக்கை சீக்கிரம் திரும்பாது. அதனால் அலுவலக உதவியாளர் அவரிடம் கடைசியாகப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

நான் தமிழ்த் துறை; அங்கே நானும் ஒரு மேடம்தான். தர்மபுரியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் பல வருடங்கள் நானும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். பஸ் கிளம்பியதும் நான் தூங்கிவிடுவேன், அவர் படிப்பார். படிக்க எதுவும் இல்லையென்றால் பொரிகடலை மடித்துத் தந்த காகிதத்தைப் படிப்பார். ஒருமுறை பேச்சுவாக்கில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, மூன்றாம் இயலில் ஒன்று சொல்லிவிட்டு ஐந்தாம் இயலில் அதற்கு மாறாகச் சொல்லியிருக்கிறேனே, எது சரி என்று கேட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த ஆய்வேட்டை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான். என் நெறியாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரிக்காரர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் வேன் வைத்து அரூர் மண்டபத்துக்குப் போய் இறங்கினோம். பட்டுப்புடவையும் பரிசுப் பொட்டலமுமாக உள்ளே போனால் சமையல்காரர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் தீர்த்தமலைக் கோயிலில், சாப்பாடு மட்டும்தான் மண்டபத்தில். பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்ததாம். பெரிய எழுத்தில் இருந்த மண்டபத்தின் பெயரைப் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பியிருந்தோம். தாலி கட்டும்போது கல்லூரியின் சார்பில் நின்றவர் இவர் ஒருவர்தான். ஏன் மேடம் எங்களிடம் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். பத்திரிகை எல்லோருக்கும்தானே கொடுத்தார்கள், படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். எனக்குக் கோபம் ஆற இரண்டு நாள் ஆனது.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரியவந்தது ஒரு வைவாவில். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வைப் பொதுவில் நடத்த வேண்டும் என்பது விதி. பொதுவில் என்றால் பேனர், சால்வை, இனிப்பு கார பாக்கெட், மதியம் பிரியாணி. கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று கேள்வி வர வேண்டும் என்பதால், யார் என்ன கேட்பது என்பதை மாணவரே முன்கூட்டி நண்பர்களிடம் சொல்லி வைத்திருப்பார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சம்பிரதாயம். அன்று மேடம் எழுந்து, தண்ணீரிலிருந்து ஃபுளோரைடு நீக்குவதைப் பற்றி ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறீர்களே, அதைப் படித்தீர்களா என்று அந்த மாணவரிடம் கேட்டார். படித்தேன் மேடம் என்றார் மாணவர்.

“அது நான் எழுதுனதுங்க. நீங்க போட்டிருக்கறதுக்கு நேர்மாறா இல்ல இருக்கும் அதுல?”

மாணவருடைய நெறியாளர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார். மேடம் உட்கார்ந்துவிட்டார். பிரியாணிக்கு அவர் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை, நான்தான் உட்கார்ந்தேன். அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு விளக்கிச் சொன்னார். அவருடைய ஊர் பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே போகிற சின்ன ஊர். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும், வயதானால் முட்டி மடங்காது. மேடத்துக்கே பல் முழுக்கப் பழுப்புதான். கையால் வாயை மறைக்காமல் சிரிப்பார். முதலில் பார்க்கிறவர்கள் வெற்றிலை போடுவார் என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

ஆராய்ச்சி என்று வந்தபோது அவர் எடுத்துக்கொண்டது தன் ஊர்த் தண்ணீரைத்தான். அங்கே புளி தட்டும் வீடுகளில் ஓடு குவிந்து கிடக்கும். அந்தப் புளிய ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி அதன் வழியாகத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில், வாலை வடித்த சுத்தமான தண்ணீரில் ஃபுளோரைடைக் கலந்து விட்டபோது கரி பிரமாதமாக உறிஞ்சியது. பிறகு ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துப் போர் தண்ணீரைக் கொண்டுவந்து விட்டார். உறிஞ்சவில்லை. நிஜத் தண்ணீரில் வேறு உப்புகளும் கரைந்திருக்கின்றன. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அவை கரியில் முந்திக்கொள்கின்றன. இரண்டையும் கட்டுரையில் எழுதினார். நல்ல செய்தி முதலில், கெட்ட செய்தி கடைசிப் பத்தியில்.

அங்கேதான் வந்தது வினை. பிறர் ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதிய ஒருவர், எந்தப் பொருள் எவ்வளவு நீக்கும் என்று ஓர் அட்டவணை போட்டார். அதில் ‘புளிய ஓட்டுக் கரி, நன்றாக நீக்கும்’ என்று ஒரு வரி. அடுத்து எழுதியவர்கள் கட்டுரைப் பக்கமே போகாமல் அந்த அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து இன்னும் பலர் எடுத்தார்கள். மேற்கோள் நூற்றுக்கணக்கில் ஏறிவிட்டது. அவருடைய மற்ற கட்டுரைகளைச் சீந்துவாரில்லை. இந்த ஒன்று மட்டும், அது சொல்லாத ஒன்றைச் சொன்னதற்காகப் புகழ் பெற்றுவிட்டது.

நானாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். அவரோ தன் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து மின்னஞ்சல் அனுப்பினார். கடைசிப் பத்தியைத் தயவுசெய்து பார்க்கவும் என்று. பெரும்பாலும் பதில் வராது. ஒருவர் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினார். இன்னொருவர் மிக்க நன்றி தெரிவித்துவிட்டு, பதிலுக்குத் தன்னுடைய கட்டுரையை இவர் மேற்கோள் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துக் காட்டிவிட்டு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அவர் திருத்தாமல் விட்ட தவறு ஒன்றே ஒன்றுதான். அவருடைய இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டுரையை உலகம் முழுக்க அவருடைய அப்பா பெயரிலேயே குறிப்பிடுகிறார்கள். அப்பா புளி வியாபாரி. கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டவர், கட்டுரை வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். இதையாவது திருத்தச் சொல்லலாமே என்றேன்.

“இருந்துட்டுப் போகட்டும் மேடம். ஓடு அவரு குடுத்ததுதான்.”

இப்படி இருக்கும்போது கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. யார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற விவரத்தைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ்த் துறைக்கு என்ன வேலை இருக்கிறது என்று எங்கள் முதல்வருக்கு எப்போதும் ஓர் எண்ணம். மற்ற எல்லோருடைய மேற்கோளையும் கூட்டினாலும் மேடத்தின் ஒரு கட்டுரைக்குக் கிட்டே வரவில்லை. முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் என்னிடம் ஒரு தனிக் கணக்கு கொடுத்தார். மேற்கோள் காட்டிய எல்லாவற்றையும் தானே படித்துப் பார்த்து, சரியாகப் புரிந்துகொண்டு காட்டியவர்களை மட்டும் எடுத்திருந்தார். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அதை முதல்வரிடம் கொண்டுபோனேன். எண்ணுக்குக் காரணம் எல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிப் பெரிய எண்ணையே போட்டார். அதோடு விடாமல், நம் மாவட்டப் பேராசிரியையின் குடிநீர்க் கண்டுபிடிப்பை உலகமே பாராட்டுகிறது என்று பத்திரிகையிலும் செய்தி வர ஏற்பாடு செய்தார்.

பத்திரிகைச் செய்தி ஊர்போய்ச் சேர்ந்தது. மேடத்தின் பெரியப்பா மகன் அங்கே ஊராட்சித் தலைவர். ஏதோ ஒரு கம்பெனியின் நற்பணி நிதியைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் ஆளுயர டிரம் நிறையப் புளிய ஓட்டுக் கரியைப் போட்டு, குழாய் வைத்து, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தங்கையை அழைக்கச் சால்வையும் இனிப்புப் பெட்டியுமாகக் கல்லூரிக்கு வந்தார். நான் அப்போது அந்த அறையில்தான் இருந்தேன். மேடம் அவரை உட்கார வைத்து டீ வரவழைத்தார். அந்தக் கட்டுரையைப் படித்தீர்களா என்று கேட்டார்.

“இங்கிலீசுல இருக்குது, நான் எங்க படிக்கறது பாப்பா. பேப்பர்ல போட்டிருந்தான், அத படிச்சன்.”

“அந்தக் கரி நம்மூரு தண்ணிக்கு ஆவாதுண்ணா. அதத்தான் எழுதியிருக்கறன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆவாதத எதுக்கு பாப்பா எழுதுன?”

“இன்னொருத்தங்க நம்பி ஏமாந்துடக் கூடாதுன்னுதான்ணா.”

சிரிப்பு நின்றது. கல்வெட்டில் உன் பெயரை அடித்தாகிவிட்டது, கம்பெனிக்காரனை இப்போது திருப்பி அனுப்பினால் இனி ஊர்ப்பக்கம் எவன் வருவான் என்றார். கொஞ்சமாவது எடுக்கும்தானே என்றார். எப்படியும் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள், கரி வழியாக வந்தால் என்ன கெட்டுவிடும் என்றும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மேடம் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. பக்கத்து ஊர் வரைக்கும் வந்திருந்தது. கெட்ட தண்ணீர் என்று தெரிந்ததால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுப் பெண்கள் மொபெட்டில் போய்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குடம் பிடித்துவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த டிரம் வந்துவிட்டால் நல்ல தண்ணீர்தான் பள்ளிக்கூடத்திலேயே வருகிறதே என்று அந்தக் குடத்தை நிறுத்திவிடுவார்கள். அதுதான் அவருடைய பயம்.

தலைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நாள் குறித்தாயிற்று, வருவதானால் வா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் மேடம் ஊருக்குப் போய் டிரம்மிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துவந்து சோதித்தார். எதிர்பார்த்ததுதான். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார். அவர் முழுதாகக் கேட்காமல் வைத்துவிட்டார்.

விழாவில் பேசச் சொல்வார்கள், அப்போது கட்டுரையின் கடைசிப் பத்தியைத் தமிழில் வாசித்துவிடப் போகிறேன் என்று மேடம் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. நானும் என் புலமை எல்லாம் திரட்டி, இக்கரியானது இயற்கை நிலத்தடி நீரின்கண் எதிர்பார்த்த பயனை நல்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தவர், இது எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, எங்கள் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி சொல்லுங்கள் என்றார். இரண்டு நாள் பஸ் பயணத்தில் அடித்து அடித்து எழுதினோம். என் எழுத்து வாழ்க்கையிலேயே நான் அதிகம் திருத்திய பத்தி அதுதான்.

விழாவுக்கு நானும் போனேன். பந்தல், மைக்செட், முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையுடன் கம்பெனி ஆட்கள். பிள்ளைகளைச் சீருடையில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் பெண்கள். கல்வெட்டின் துணியை விலக்கினார்கள். மேடத்தின் பெயர் பட்டங்களோடு பளிச்சென்று இருந்தது. வாசிக்காமல் விட்டுவிட மாட்டாரா என்றும் ஒரு பக்கம் நினைத்தேன், விட்டுவிட்டால் அவர் மூஞ்சியில் விழிக்க முடியாது என்றும் நினைத்தேன். மைக்கைக் கொடுத்தார்கள். அவர் பேசவில்லை, வாசித்தார்.

“புளிய ஓட்டுக் கரி, சுத்தமான தண்ணில ஃபுளோரைட போட்டு விட்டா நல்லா எடுக்குது. நம்ம பள்ளிக்கூடத்து போர் தண்ணில எடுக்கல. இதான் என் கட்டுரைல இருக்கறது. போன வாரம் இந்த டிரம் தண்ணிய புடிச்சும் பாத்துட்டன். கொழந்தைங்களுக்கு இத குடுக்காதீங்க. இப்ப எடுத்தாற மாதிரியே பக்கத்தூருலருந்து எடுத்தாந்து குடுங்க.”

கடைசி மூன்று வரி கட்டுரையில் இல்லாதது. என்னிடம் காட்டிய தாளிலும் இல்லாதது. கம்பெனி ஆட்கள் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள். தலைவர் நேராக மேடத்தின் அம்மாவிடம் போய், உங்க பொண்ணு ஊரு மானத்த வாங்கிட்டா சித்தி என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் அந்த அம்மாவுக்கு அழைப்பு இல்லை. உனக்கு எதுக்குடி இந்த வேலை என்று அவர் போனில் அழுவதை பஸ்ஸில் நானே கேட்டிருக்கிறேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உம் உம் என்பார். அந்த நாட்களில் அவர் எதையும் படிக்கவில்லை.

தர மதிப்பீட்டுக் குழு வந்தது. குழுவில் ஒருவர் மேடத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று பாராட்டினார். அதில் பெரும்பாலும் தப்புங்க சார் என்றார் இவர். பேராசிரியையின் தன்னடக்கம் வியக்க வைக்கிறது என்று அவர் அறிக்கையிலேயே எழுதிவிட்டுப் போனார். முதல்வர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். தலைவர் மறுபடியும் கல்லூரிக்கு வந்தார். இந்த முறை சால்வை இல்லை, கையில் ஒரு மனு. நடந்ததை அவரே சொன்னார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, பேத்திக்குப் பாலுக்கு வெந்நீர் போடவும் தண்ணீர் புகட்டவும் அவர் மனைவியே மொபெட்டில் பக்கத்து ஊருக்குப் போய்க் குடம் பிடித்து வந்திருக்கிறார். நம் பள்ளிக்கூடத்துக் குழாய் இருக்கிறதே என்று இவர் கேட்டிருக்கிறார். வேண்டாம்னு உங்க தங்கச்சி மைக்குலயே சொன்னாளே என்றாராம் மனைவி. ஊரில் ஒரு பெண்ணும் குடத்தை நிறுத்தவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கட்டுரையைக் கொடுத்து முழுதும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனு எழுதியிருந்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுப்பதற்கு முன் தங்கை பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்தார்.

“எங்கள் ஊர்த் தண்ணீர் குழந்தைகளுக்கு ஆகாது என்றும், புளிய ஓட்டுக் கரியால் அதைச் சரிசெய்ய முடியாது என்றும் எங்கள் ஊர்ப் பெண் சோதித்து எழுதிய கட்டுரை இணைக்கப்பட்டுள்ளது. கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டுகிறோம்” என்று அதில் இருந்தது.

மேடம் அந்த வரியை மறுபடியும் மறுபடியும் படித்தார். பிறகு என் பக்கம் நீட்டி, “எவ்வளவு சரியா மேற்கோள் காட்டியிருக்காரு பாருங்க” என்றார். இதை அந்த ஆண்டுக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். ஆராய்ச்சி இதழில் வந்தால்தான் கணக்கு, கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கு இடமில்லை என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மனுவை அண்ணனிடம் கொடுத்தார். எனக்குத்தான் அன்று மனசு ஆறவில்லை.

குழாய் உடனே வந்துவிடவில்லை. மனுவுக்கு மேல் மனு போட்டு, தலைவர் பலமுறை அலைந்துதான் வந்தது. அதற்குள் மேடத்துக்குத் தென்பக்கம் ஒரு கல்லூரிக்கு மாற்றல் ஆகிவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் ஊருக்கு வந்தார். தர்மபுரியில் என்னையும் கூட்டிக்கொண்டார். தலைவர் முதல் குடத்தைப் பிடித்துத் தன் மொபெட்டில் வைத்துச் சித்தி வீட்டில் இறக்கியிருந்தார். மேடத்தின் அம்மா அதை மூடிபோட்டு அப்படியே வைத்திருந்தார். அவர் தொடவில்லை, யாரையும் தொடவிடவும் இல்லை. பெற்ற பெண்ணைத் தெரியாதா அவருக்கு?

வாசலில் தலைவர் இடுப்பில் பேத்தியோடு நின்றார். மேடம் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து அந்தத் தண்ணீரை ஊற்றி, சிவப்புத் திரவம் ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஃபுளோரைடு அதிகம் இருந்தால் சிவப்பு வெளுத்து மஞ்சளாகிவிடும் என்று எனக்குச் சொன்னார். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று கீழே வைத்தார். நின்றபடியே காத்திருந்தோம். சிவப்பு மாறவில்லை.

“குடிக்கலாமா பாப்பா?”

“குடிக்கலாம்ணா.”

தலைவர் டம்ளரில் மொண்டார். தான் குடிக்கவில்லை. பேத்தியின் வாயில் வைத்தார். அது பாதி குடித்து பாதியை அவர் சட்டையில் துப்பிவிட்டுச் சிரித்தது. அப்போதுதான் முளைத்த இரண்டு பல்லும் வெள்ளையாகத் தெரிந்தன.